பேனாப் பெட்டியில் இருந்த பெண்

என் அக்காவிடம் மிச்சம் இருந்த ஒரே சொல் ‘வேணாம்’.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது பேச்சும் சேர்ந்து போய்விட்டது. தருமபுரி ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள் முதலில் சொன்னது அதுதான். தண்ணீர் குடிக்கிறாயா என்றால் வேணாம். யார் வந்திருக்கிறார்கள் பார் என்றால் வேணாம். பசித்தாலும் அதுவே, பசிக்காவிட்டாலும் அதுவே. சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், அதை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லப் பார்ப்பார்கள், சொல்லைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சொல்லைப் பார்க்க வேண்டாம் என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டது.

அக்கா நர்சாக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இளவயதில் ஈரானில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே கலவரம் மூண்டதும் போட்ட துணியோடும் ஒரு பேனாப் பெட்டியோடும் திரும்பி வந்தாள். அதன்பின் தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முட்டி தேயும்வரை வேலை பார்த்தாள். அதியமான்கோட்டையில் ஹைவேயை ஒட்டி எனக்கு லாரி பேட்டரிக் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. அந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை, ஓர் இரும்பு பீரோ. பீரோச் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும்.

அந்த பீரோவுக்குள், சேலைகளுக்கு நடுவே, ஒரு துவாலையில் சுற்றி வைத்திருந்தாள் அந்தப் பெட்டியை.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக நீளம், மூன்று விரல் அகலம், இரண்டு முனையும் உருண்டையாக இருக்கும். தீப்பெட்டி மாதிரி உள்ளே ஒரு தட்டு, இழுத்தால் வெளியே வரும். அந்தக் காலத்தில் பாரசீகத்தில் எழுதுகிறவர்கள் நாணல் பேனாவும் மைக்கூடும் போட்டு வைத்துக்கொண்ட பெட்டி. அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர் ‘கலம்தான்’. தூக்கினால் எடையே இருக்காது. மரம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மரமில்லை, காகிதம். காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காயவைத்து, வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் நீர் வண்ணத்தில் படம் எழுதி, படத்தின்மேல் பூச்சு பூசியிருந்தார்கள். பூச்சு பழசாகிப் பழசாகித் தேன் நிறத்துக்கு வந்திருந்தது.

மூடியில் மூன்று முட்டை வடிவ வளையங்கள். ஓரத்து வளையங்கள் இரண்டிலும் ரோஜாச் செடி, அதில் ஒரு குருவி. குருவியின் அலகு திறந்திருக்கும், உள்ளே நாக்குக்கூட இருக்கும். அக்கா பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினாள். நடு வளையத்தில் ஒரு பெண். கூடின புருவம், குங்குமச் சிமிழ் அளவு வாய், தலையில் நீல முக்காடு. மடியில் துணியில்லாத ஒரு குழந்தை, அதன் கையில் ஏதோ பழம். பக்கவாட்டில் தூண்வைத்த வீடுகளும் ஓடையும் மரங்களும். உள்தட்டைச் சுற்றிச் சிவப்பில் பொன் கொடி ஓடும். இதையெல்லாம் எழுதினவன் பூனை மயிரில் நாலைந்தை எடுத்துத் தூரிகை கட்டியிருப்பான் என்று அக்கா சொல்வாள். எனக்குப் பேட்டரியில் பாசிட்டிவ் நெகட்டிவ் குறிக்கவே கை ஆடும். அந்த ஆளை நினைத்தால் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஈரானில் அக்கா பிரசவ வார்டில் வேலை பார்த்தபோது ஒரு பெண் இறந்துபோனாள். தலைப்பிரசவம். குழந்தை பிழைத்தது, ரத்தம் நிற்காமல் தாய் போய்விட்டாள். கடைசிவரை அவள் பிடித்திருந்தது என் அக்காவின் கையை. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா வார்டுக்கு வந்து இந்தப் பெட்டியைக் கொடுத்தார். மூடியில் இருந்த பெண்ணைத் தொட்டுக் காட்டி, தன் மகள் பெயரை மட்டும் சொன்னாராம். வார்டில் கற்றுக்கொண்ட அரைகுறை பாஷையில் அக்காவுக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

“இத பாத்தா மாதா மாதிரியே இருக்கே அக்கா” என்றேன் நான், அவள் இதை எனக்குச் சொன்னபோது.

“எழுதினவன் எந்த ஊரு மாதா படத்த பாத்து எழுதினானோ, எனக்குத் தெரியாது. எனக்கு இவ அந்தப் பொண்ணு. இவள யாரும் கும்புட வேணாம்டா. பாத்தா போதும்” என்றாள். பிறகு என் கையைத் தட்டிவிட்டாள். “ஈரக் கையால தொடாத. பூச்சுக்கு அடியில தண்ணி போனா அவ்ளோதான், கரைஞ்சு போயிடுவா.”

அவளுடையது என்று இந்த உலகத்தில் இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். நகை இல்லை, பிள்ளை இல்லை, காணி நிலம் இல்லை. அந்தப் பெண் அந்தப் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது. அதைக் காப்பாற்ற அவளுக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது.

படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்குப் பழைய பருத்திச் சேலைதான் வேண்டும். கிழித்து மடித்து அடியில் போட வேண்டும், நனைந்தால் மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும். என் மனைவியின் பழைய சேலைகள் தீர்ந்துபோயின. அவள் அக்காவின் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள். சேலை தேடப்போனவள் துவாலையைப் பிரித்தாள்.

நான் மதியம் சாப்பிட வந்தபோது முன்னறையில் பெட்டி பீடத்தின்மேல் இருந்தது. எங்கள் வீட்டுப் பீடம் என்பது சுவரில் அடித்த ஒரு பலகை, அதில் இயேசுவின் திருஇருதயப் படம், சுரூபம் என்று நாங்கள் சொல்லும் மாதா சிலை, சீரியல் பல்பு. பல்புக்கு ஓய்வே கிடையாது, பச்சையும் சிவப்புமாக மாறி மாறிக் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். சுரூபத்தின் காலடியில் பெட்டியைச் சாய்த்து வைத்து, முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள் என் மனைவி. காற்றாட இருக்கட்டும் என்று அக்காவின் கட்டிலையும் முன்னறையில்தான் போட்டிருந்தோம். அக்கா தலையைத் திருப்பினால் நேரே அதுதான் தெரியும்.

“இது மாதா இல்ல. எடுத்து உள்ள வையி” என்றேன்.

“பின்ன யாருங்க? கையில கொழந்த வெச்சிருக்காங்க, நீல முக்காடு போட்டிருக்காங்க.”

“ஒலகத்துல புள்ள வெச்சிருக்கற பொம்பள எல்லாம் மாதாவா?”

ஈரானில் நடந்ததைச் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “பாவம் அந்தப் பொண்ணு. அதுக்கும் சேத்தே ஜெபம் பண்றேன். ஆனா காலையில நான் மாதாகிட்ட, இதுக்கு மேல என்னால முடியாது, ஒரு வழி காட்டுங்கன்னு அழுதேங்க. அழுத கண்ண தொடச்சுட்டு பீரோவ தொறந்தா இது. இதுக்கு மேல என்ன சொல்லணும் உங்களுக்கு?”

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. “வேணாம்.”

“அண்ணி, கஞ்சி கொண்டாரேன், இருங்க” என்று அவள் அடுப்படிக்குப் போனாள்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் தெருவின் அன்பியத்துக்கு, அதாவது வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற கூட்டத்துக்கு, ஒரு தலைவி உண்டு. நல்ல மனுஷி. ஊரில் யாருக்குத் தலைவலி என்றாலும் இவர்தான் முதலில் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு படுப்பார். அவர் வந்து பெட்டியைப் பார்த்தார். பார்த்தவர் முழங்காலில் விழுந்தார். அக்கா இடக்கையைத் தூக்கி, விரலை விரித்து, வேணாம் வேணாம் என்றாள்.

“ஒத்தக் கையிலயே எப்பிடி கும்புடறாங்க பாருங்க” என்று தலைவி அழுதார்.

எனக்கு வந்த கோபத்தில் கடைக்கே போய்விட்டேன். போகிற வழியில் ஒரு தெருநாயைத் திட்டினேன்.

அதன்பின் எண்ணெய் வந்தது. பீடத்து விளக்கில் இருக்கும் தேங்காயெண்ணெயைத் தொட்டு, பெட்டியில் இருக்கும் பெண்ணின் மேல் வைத்து, பிறகு அதையே அக்காவின் விழுந்துபோன வலக்கையில் தேய்ப்பது. என் மனைவி தினமும் தேய்த்தாள். தேய்க்கும்போது ஜெபமாலை சொல்லுவாள், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாக நீவிவிடுவாள். ஒருநாள் வலக்கைச் சுண்டுவிரல் அசைந்தது. நானும் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். தேய்த்துவிட்டால் அசையத்தான் செய்யும் என்று ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் முன்பே சொல்லியிருந்தது. ஆனால் சுண்டுவிரல் அசைந்த செய்தி அன்று சாயங்காலமே நல்லம்பள்ளி போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு இண்டூரிலிருந்து ஒரு குடும்பம் காய்ச்சல்காரக் குழந்தையோடு வந்து நின்றது. வந்தவர்கள் எல்லோரும் தொட்டார்கள், தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள், சிலர் முத்தம் கொடுத்தார்கள். பெட்டி எண்ணெயில் பிசுபிசுத்தது. அதில் மெழுகுவர்த்திப் புகை ஒட்டியது, ஹைவேத் தூசு ஒட்டியது. குருவி இரண்டும் முதலில் கறுத்தன.

அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு ஆள் பெட்டியைத் தொடும்போதும் சொன்னாள். கஞ்சிக்குச் சொல்லும் ‘வேணாம்’ வேறு, இது வேறு. இது தாழ்ந்த குரலில், ஒவ்வொரு எழுத்தாக, ஆளின் கையைப் பார்த்து வரும். எனக்குத் தெரிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“பொட்டிய உள்ள எடுத்து வெச்சிடட்டுமா அக்கா?”

“வேணாம்.”

“அப்ப அங்கயே இருக்கட்டுமா?”

“வேணாம்.”

சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. என் மனைவி வந்து முந்தானையால் துடைத்துவிட்டு, “மாதா பொட்டியப் பத்தி பேசினாலே அழுகைதான்” என்றாள், அவ்வளவு பிரியமாக.

ஒருநாள் நான் அதைப் பீடத்திலிருந்து எடுத்து பீரோவில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். பக்கவாதம் வந்தபின் அவள் முகம் ஒருபக்கமாக இழுத்திருந்தது, சிரிப்பு எது, வலி எது என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அது சிரிப்புதான்.

என் மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சமமாகப் போயிருக்கும். கையில் நனைந்த துணிகளோடு நின்று சொன்னாள்.

“பீத்துணி தொவைக்கறது நானு. பொரட்டி படுக்க வெக்கறது நானு. முதுகு புண்ணாயிடக் கூடாதுன்னு பவுடர் போடறது நானு. உங்க அக்கா மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு நாளு நீங்க மாத்தி உடுங்க. அதுக்கப்பறம் சாவிய நீங்களே வெச்சுக்குங்க.”

நான் மாற்றிவிடப் போனேன். அக்கா என்னைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். தம்பியின் கை அந்த இடத்தில் படுவதை எந்த அக்கா சகிப்பாள்? சாவியைக் கொடுத்துவிட்டேன். சுமக்கிறவளுக்கு ஒரு பிடிமானம் வேண்டும், அவளுக்கு அது கிடைத்திருந்தது. அதைப் பிடுங்க எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் பெட்டி திரும்பப் பீடத்துக்குப் போனபோது அக்கா என்னையே பார்த்தாள். இறந்த பெண்ணின் அப்பா வார்டில் வந்து நின்றபோது அவள் நின்றதைப்போலத்தான் நானும் நின்றேன்.

மாதா திருநாள் வந்தது. திருநாளுக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவி, பீடத்திலிருக்கும் சுரூபங்களை இறக்கிக் குளிப்பாட்டுவது எங்கள் வீடுகளில் வழக்கம். சுரூபத்துக்கு ஷாம்பு போடுவார்கள். மூக்கு உடைந்திருந்தால் சாந்து வைத்து, பெயிண்ட் தொட்டு விடுவார்கள். வருஷாவருஷம் குளித்துக் குளித்து எங்கள் மாதாவின் புருவம் கொஞ்சம் மேலே ஏறி, எப்போதும் ஏதோ கேட்டு ஆச்சரியப்படுகிற மாதிரி இருக்கும். பிளாஸ்டர் சுரூபம், தாங்கும்.

நான் மதியம் வந்தபோது முன்னறை முழுக்க ஈரம். அக்கா பார்க்கட்டும், அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று கட்டிலுக்குப் பக்கத்திலேயே டப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. டப்பில் சுடுதண்ணீர், சோடா உப்பு. எண்ணெய்ப் பிசுக்குக்கு அடுப்படியில் எதைப் போடுவாளோ அதையே போட்டிருந்தாள். கையில் பழைய டூத் பிரஷ். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

“பாருங்க, எவ்ளோ அழுக்கு வருதுன்னு” என்றாள் என்னைப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து. “எத்தன வருஷத்து அழுக்கோ. மாதா மொகமே பழுப்படிச்சுப் போயி இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா வெள்ளையாயிட்டு வருது.”

அந்தப் பழுப்பு அழுக்கு இல்லை. அதுதான் பூச்சு. நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பிடுங்கிய என் கட்டைவிரலில் நீலம் ஒட்டியது. நடு வளையத்தில் ஒரு புருவமும், முக்காட்டின் ஒரு மூலையும், குழந்தையின் ஒரு காலும் இருந்தன. மற்ற இடமெல்லாம் நனைந்த காகிதம், அப்பளம்போல உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. டப்புத் தண்ணீரில் பொன் துகள் மினுமினுத்தது.

அவளும் அப்போதுதான் பார்த்தாள். நுரையை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தாள். “அய்யோ, மாதா போயிட்டாங்களே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளைத் திட்டும் சொல் என் வாய்வரை வந்துவிட்டது. அப்போது அவள் சொன்னாள், அழுதுகொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல.

“அண்ணி சொல்லிக்கிட்டே இருந்தாங்களே. நானும், ஆச்சு அண்ணி, ஆச்சு அண்ணி, முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கிட்டே தேச்சேனே.”

ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கட்டிலில் இருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பூச்சு கரைவதை, முகம் கரைவதை. முதல் தேய்ப்புக்கே அவளுக்குத் தெரிந்திருக்கும். கையெட்டும் தூரத்தில், எழுந்திருக்க முடியாமல், அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு. ஒரு பெண் தன் கையைப் பிடித்தபடி ரத்தம் போய்ச் செத்ததை ஏற்கெனவே பார்த்தவள் அவள். இரண்டாம் முறையும் பார்க்க வைத்துவிட்டோம்.

மறுநாள் திருநாள். விடியற்காலையிலேயே தலைவி வந்தார். என் மனைவி இரவெல்லாம் அழுது கண் வீங்கியிருந்தாள். தலைவி கோயில் வாசல் கடையில் வாங்கிய ஒரு ஸ்டிக்கரைக் கொண்டுவந்திருந்தார். பளபளவென்று, கிரீடம் வைத்த மாதா, கையில் குழந்தை. அளவுக்கு வெட்டி, முந்தின மாலை வெயிலில் காயவைத்திருந்த பெட்டியின் நடு வளையத்தில் ஒட்டினார்கள். ஓரம் தூக்காமல் இருக்க அதன்மேல் நகப்பாலிஷ் தடவினார்கள். அழித்துவிட்ட பிறகு அதன்மேல் எதை ஒட்டினால் என்ன.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். எல்லோரும் தொட்டார்கள், எண்ணெய் வைத்தார்கள், நெற்றியில் பூசிக்கொண்டார்கள். படம் மாறியிருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இத்தனை நாள் இத்தனை பேர் தொட்டும் அந்தப் பெண்ணை ஒருத்தரும் பார்த்திருக்கவில்லை.

அக்கா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. யார் தொட்டபோதும் சொல்லவில்லை. களைப்பு என்று நினைத்தோம். மறுநாளும் சொல்லவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தாள், திருப்பிப் படுக்கவைத்தால் படுத்தாள், பீடம் பக்கம் தலையைத் திருப்புவதை விட்டுவிட்டாள். டாக்டரிடம் கேட்டேன், இன்னொரு அடைப்பு வந்திருக்கலாம், ஸ்கேன் எடுக்கலாம் என்றார். எடுத்தோம். புதிதாக ஒன்றுமில்லை.

“எவ்ளோ அமைதியாயிட்டாங்க பாருங்க. மாதா குடுத்த சமாதானம்” என்றார் தலைவி. என் மனைவி இப்போதும் தினமும் அந்த வலக்கையைத் தேய்க்கிறாள். ஆனால் எண்ணெயைப் பெட்டியில் தொடுவதில்லை, பாட்டிலிலிருந்து நேராக ஊற்றிக்கொள்கிறாள். தேய்க்கும்போது ஜெபமும் சொல்வதில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு தேய்க்கிறாள்.

சின்ன வயதிலிருந்து அக்காவுக்குப் பாகற்காய் ஆகாது. வீட்டில் பாகற்காய் வேகிற வாசம் வந்தாலே தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். போன வாரம் நான் என் மனைவியிடம் பாகற்காய் வறுவல் கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, செய்து கொடுத்தாள். அதைச் சோற்றோடு நன்றாகப் பிசைந்து எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தேன். கிண்ணத்தை அவள் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். ஸ்பூனில் எடுத்து வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என் மனைவி கதவோரம் வந்து நின்றாள்.

“பாவக்கா அக்கா” என்றேன். “வேணாம்னு சொல்லு.”

அக்கா வாயைத் திறந்தாள். ஊட்டினேன். மென்று விழுங்கிவிட்டு, அடுத்த வாய்க்குத் திறந்தாள்.